பதினோரு கருவி, ஒரு பூட்டு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஆறாவது மாடியில் இருக்கும் எங்கள் வீடு. அன்று என் தம்பிக்கு நிக்காஹ். சொந்தபந்தமெல்லாம் மண்டபத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் ஒரே அண்ணனான நான் மட்டும் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் என் மனைவி எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள்: "அவங்க கத்தி வாங்குனாங்க, அதான்." அவள் சொல்வது சரிதான். ஆனால் கதையை முழுசாகச் சொன்னால்தான் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பபேடான் பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். ஃபிரேமில் கழன்ற காலை மாட்டுவது, எள்ளளவு ஸ்க்ரூவைத் தேடிப் பிடித்து முடுக்குவது, இதுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, தொழுகை முடிந்து படியிறங்கினாலும் சரி, யாராவது ஒருவர் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "காக்கா, இது கொஞ்சம் ஆடுது, பாருங்களேன்" என்பார். எங்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கையில் திருப்புளி இருக்காது. நகத்தால் திருகிப் பார்த்துவிட்டு, கடைக்கு வாங்க என்று சொல்ல வேண்டியிருக்கும். டாக்டர் ஒருவர் நாடி பார்க்கக் கை இல்லை என்று சொல்வது போல எனக்கு அவமானமாக இருக்கும்.

அதனால்தான் எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்குவது என்று முடிவு செய்தேன். வெறும் கத்தி இல்லை. கத்தி, திருப்புளி, கத்தரி, அரம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கிக் கிடக்குமே, அந்த வகை.

கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் போனில் அதைப் பற்றிய வீடியோ பார்த்தேன். கரண்ட் இல்லாத நேரத்தில் பார்த்ததைப் பற்றி யோசித்தேன். பெரிய குறடு வைத்த வகை பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் எல்லாம் பேண்ட் போடுகிற ஊர்க்காரர்கள். நான் கைலி கட்டுகிறவன். எங்களுக்குப் பை ஏது? இந்த ஊரில் ஆண்பிள்ளைகள் போனையும் பர்ஸையும் முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடமாடுகிறோம். அங்கே இன்னொரு சாமானும் ஏறினால் கைலி என்ன ஆகும் என்ற கேள்விக்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

நானே சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் ஸ்டேப்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். தாங்கியது. மறுநாள் சிறிய இடுக்கி. மூன்றாம் நாள் அரைக் கிலோ பருப்புப் பொட்டலம். சமையலறை வாசலில் வைத்துக் கைலி விட்டுக்கொடுத்துவிட்டது. பருப்பு சிதறிய சத்தம் கேட்டு வந்த என் மனைவி, கீழே குனிந்து கைலியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

எடை முடிவானதும் கருவிகளைப் பற்றிய குழப்பம் வந்தது. ஒன்றில் கத்தரி இருந்தால் திருப்புளி இல்லை. திருப்புளி இருந்தால் நுனி தடிமனாக இருந்தது. இரண்டும் சரியாக அமைந்த ஒன்றில் சுருள் சுருளாக ஒரு கம்பி முளைத்திருந்தது. போனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: "இது என்னங்க, இப்படிச் சுருண்டு கெடக்கு?"

"இறுகிப் போன முடிச்சு அவுக்க" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி வாய்விட்டுச் சிரித்து, தன் மச்சியிடம், அதாவது என் மனைவியிடம் சொன்னான்: "மச்சி, அது ஒயின் பாட்டில் மூடி புடுங்குற கம்பி. காக்கா எதுக்கோ ரெடியாகுறாங்க." அந்த வகையை அன்றோடு கைவிட வேண்டியதாயிற்று.

எங்கள் கடைக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் சாமான் கடைக்குப் பதினோரு முறை போனேன். கடைக்காரர் பொறுமைசாலிதான். ஆனாலும் கடைசி முறை, "சயா, பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டாங்க" என்று பர்மியில் சொன்னார். சயா என்றால் ஐயா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதே சமயத்தில்தான் தம்பிக்குப் பெண் பார்த்தோம். அது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. எனக்குக் கத்தி அமைய நாலு மாதம் ஆனது.

கடைசியில் வாங்கியது சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பல் குத்துகிற குச்சியையும் சேர்த்துப் பதினோரு கருவி. நுனி மெல்லிய திருப்புளி, குட்டிக் குறடு, கைலியில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். ஒரே ஒரு சங்கடம். வீட்டுச் சாவியும் இதுவும் சேர்ந்தால் இடுப்பு இறங்கியது. சாவியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டேன். எப்படியும் வீட்டைப் பூட்டுவதும் திறப்பதும் அவள்தானே என்று அப்போது நினைத்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் என் அலப்பறை தாங்க முடியாமல் இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. ஆடுகிற நாற்காலி, தளர்ந்த குக்கர் கைப்பிடி, பக்கத்து வீட்டு இன்வர்ட்டரின் பாட்டரி முனை, எதையும் விட்டுவைக்கவில்லை. பழுதாகாத சாமானையும் திறந்து பார்த்தேன். ஒரு தடவை பெரிய கடை ஒன்றின் வாசலில் காவலாளி சோதித்து அதை எடுத்துவிட்டார். என்ன கேட்கப் போகிறாரோ என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, கத்தரியால் தன் சட்டைக் கையில் தொங்கிய நூலை வெட்டிக்கொண்டு, "நல்ல சாமான்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இனி நிக்காஹ் நாளுக்கு வருகிறேன்.

மண்டபம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில். நிக்காஹ் பத்தரை மணிக்கு. ஓதி வைக்கும் ஹஜ்ரத்துக்கு அதன் பிறகு ஊரின் இன்னொரு மூலையில் வேறொரு நிக்காஹ் இருந்தது. "பத்தரைன்னா பத்தரைதான்" என்று முன்பே சொல்லியிருந்தார். எங்களில் மாப்பிள்ளை வீட்டார் கருகமணி கொண்டுபோக வேண்டும். நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அக்காதான் அதைப் பெண்ணின் கழுத்தில் கட்டுவார். கறுப்பு மணியும் தங்க மணியும் கோத்த அந்தச் சரத்தை வாங்கத் தம்பி இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்திருந்தான். கருகமணி இல்லாமல் மாப்பிள்ளை வீடு போய் நின்றால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது?

காலை ஒன்பது மணிக்கு ராத்தா, அதாவது எங்கள் அக்கா, கருகமணியை எடுத்துப் பார்த்துவிட்டு, "கொக்கி வளையம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஒரு நூலு இருந்தாக் குடுங்க, கட்டிருவோம்" என்றார்.

நூலாவது! இந்த வார்த்தைக்காகத்தானே மூன்று மாதமாகக் காத்திருந்தேன்? "நூலெல்லாம் எதுக்கு ராத்தா, என்கிட்ட கொறடு இருக்கு" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் கரண்ட் இல்லை. வெளிச்சம் வேண்டும் என்று பின்னறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் வந்து மணியை இழுத்துவிடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே தெருவில் வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. வளையத்தை ஒரே அழுத்தில் சரி செய்திருக்கலாம். நான்தான் இரண்டு முனையும் கோடு தெரியாமல் சேர வேண்டும் என்று அழுத்தினேன், பிரித்தேன், அரத்தால் தேய்த்தேன், மறுபடி அழுத்தினேன். வேலை முடிந்து, சரத்தைத் தூக்கிப் பிடித்து அழகு பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வீட்டில் ஒருவரும் இல்லை.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆண்களுக்கு ஒரு கார், பெண்களுக்கு ஒரு கார். ஆண்கள், நான் மனைவியோடு வருவேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். பெண்கள், நான் கருகமணியை எடுத்துக்கொண்டு ஆண்களோடு போய்விட்டேன் என்று நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். கடைசியாக இறங்கிய மனைவி வழக்கம் போல வெளியே கம்பிக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டாள். என் போனில்தான் படம் நன்றாக விழும் என்று அதையும் காலையிலேயே தன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். சாவி இருந்த இடம் உங்களுக்கே தெரியும்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. பட்டுக் கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் கருகமணி. உள்கதவைத் திறந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர் வீடு காலி. கீழ் வீடுகளைக் கூப்பிட்டுக் கத்தினேன். என் குரல் ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயத்துக்கு நடுவே மனதின் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பூட்டுத் திறக்கும் வீடியோ நான் பார்க்காததா?

கம்பி இடுக்கில் கையை விட்டால் பூட்டு கைக்கு எட்டியது. ஆனால் சாவித் துளை கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து இடது கையால் வெளியே நீட்டி, அதில் பார்த்துக்கொண்டே வலது கையால் மெல்லிய திருப்புளியை உள்ளே விட்டேன். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்தது. வலம் இடமாகத் தெரிந்தது. பூட்டு இந்த ஊரில் கிடைக்கும் மிகச் சாதாரணப் பூட்டு. அது அசையவே இல்லை. கொஞ்சம் பலம் கொடுத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. திறந்துவிட்டது என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். திருப்புளியை வெளியே இழுத்தால் நுனியைக் காணோம். அது பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதைப் பிடித்து இழுக்கலாம் என்று குட்டிக் குறட்டைப் பிரித்தேன். கை வியர்த்திருந்தது. நாலு மாதம் தேடி வாங்கிய அந்தச் சாமான் விரலிலிருந்து வழுக்கி, படிக்கட்டு நடுவில் இருக்கும் இடைவெளி வழியாகக் கீழே போனது. ஐந்தாவது மாடிக் கைப்பிடியில் ஒரு டங். மூன்றாவது மாடியில் ஒரு டங். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கடைசியில் தரையில் ஒரு சத்தம் வந்தது. கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டியபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மணி பத்து. இனி பால்கனிதான்.

ரங்கூனில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம். கீழ்முனையில் ஒரு கிளிப், மேல்முனையில் ஒரு மணி. கீழே வருகிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ காய்கறியோ கிளிப்பில் மாட்டிவிட்டால் நாம் இழுத்துக்கொள்ளலாம். ஆறு மாடி ஏறி இறங்க யாருக்கும் தெம்பில்லை. அதற்காக வந்த வழக்கம் இது.

என் கயிற்றின் மணியை நானே பிடித்து ஆட்டினேன். விடாமல் ஆட்டினேன். எதிர் வரிசை ஐந்தாவது மாடியில் ஓர் அம்மா வெளியே வந்தார். நான் இரண்டு கையையும் வீசினேன். அவர் குனிந்து தன் கயிற்றைப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றதும் உள்ளே போய்விட்டார். நாலாவது மாடியில் ஒருவர் வந்தார். தன் கயிற்றை இழுத்துப் பார்த்தார், போய்விட்டார். தெரு முழுக்க ஆட்கள் வெளியே வந்து அவரவர் கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். மணி அடித்தால் கீழே பார்த்துத்தான் எங்கள் எல்லாருக்கும் பழக்கம். மேலே யார் பார்ப்பார்கள்?

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம், 'உள்ளே மாட்டிக்கொண்டேன், உதவி வேண்டும்' என்று பர்மியில் எழுதிக் கிளிப்பில் மாட்டி இறக்கினேன். கட்டிடத்துக்குக் கீழேயே வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் அக்கா என் கயிற்றைப் பார்த்தார். அவருக்கு நான் பல வருஷத்து வாடிக்கை. சீட்டைப் படிக்கும் சிரமமெல்லாம் அவர் வைத்துக்கொள்ளவில்லை. நான் எப்போதும் கேட்கும் மூன்று பீடாவை மடித்துக் கிளிப்பில் மாட்டி, மணியை அடித்தார். மேலே இழுத்துப் பார்த்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, 'வெற்றிலை வேண்டாம்' என்று முதல் வரியில் போட்டேன். அது கிளிப்போடு இறங்கியபோது, வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருந்த சைக்கா வண்டிக்காரர் எட்டி வாங்கினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மிதிப்பார்களே, அந்த வண்டி. ஐம்பது வயதிருக்கும். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை. சீட்டைப் படித்தார். நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில் அன்றைக்கு மேலே பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

அதன் பிறகு எங்கள் பேச்செல்லாம் சீட்டில்தான் நடந்தது. என் போன் எண்ணை எழுதி இறக்கினேன். அவர் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கரண்ட் போனால் இங்கே டவரும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். மண்டப விலாசத்தையும், சாவி அங்கே மனைவியிடம் இருப்பதையும் எழுதினேன். போய் வாங்கி வரட்டுமா என்று எழுதி அனுப்பினார். கணக்குப் போட்டேன். அவர் போக இருபது நிமிஷம், வர இருபது நிமிஷம், நான் போய்ச் சேர மறுபடி இருபது. அதற்குள் ஹஜ்ரத் அடுத்த நிக்காஹ்வுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். மணி பத்து ஏழு.

பத்தரைக்குள் மண்டபம் போக முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நான் இல்லை, கருகமணி.

முன்பின் தெரியாத ஒருவர் கையில் தம்பியின் இரண்டு வருஷ உழைப்பை ஆறாவது மாடியிலிருந்து கயிற்றில் இறக்குவதா? தங்கம் விற்கிற விலையில், பார்த்ததும் மனம் மாறாத மனிதர் உண்டா? வண்டியை மிதித்துக்கொண்டு போனால் எங்கே என்று தேடுவது? அனுப்பாவிட்டால் பெண் வீட்டார் முன்னால் ராத்தா வெறுங்கையோடு நிற்பார்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. கருகமணியைத் துணியில் சுற்றி, எங்கள் கடையின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடினேன். சுற்றிலும் டேப் ஒட்டினேன். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டுக் கிளிப்பில் மாட்டினேன். கூடவே சீட்டு: 'உள்ளே மூக்குக்கண்ணாடி இருக்கிறது. மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கண் தெரியாது. பத்தரைக்குள் அவர் கையில் மட்டும் கொடுக்கவும்.' எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ராத்தாவுக்குக் கண் நன்றாகவே தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

பிஸ்மில்லாஹ் சொல்லி இறக்கினேன். பை நாலாவது மாடி வரைக்கும் ஒழுங்காகப் போனது. மூன்றாவது மாடியில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் பனியனில் மாட்டிக்கொண்டது. நான் மெதுவாக ஆட்டினேன். அது வரவில்லை. வேகமாக ஆட்டினேன். பை சுற்றிச் சுழன்று சுவரில் இடித்து, பனியனையும் இழுத்துக்கொண்டு ஒருவழியாகக் கீழே இறங்கியது. அவர் பையைக் கழற்றினார், சீட்டைப் படித்தார். பனியனை வெற்றிலைக்கார அக்காவிடம் கொடுத்தார். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பாமல், சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து என் கிளிப்பில் மாட்டி, கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். மேலே மணி அடித்தது. அவர் வண்டியில் ஏறி மிதித்துத் தெருமுனை திரும்பிவிட்டார்.

இழுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட அவருடைய அடையாள அட்டை.

நான் கேட்கவில்லை. சீட்டில் எழுதவும் இல்லை. இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அட்டை இல்லாமல் தெருமுனை தாண்டவே இந்த நாளில் யோசிப்போம். வழியில் போலீஸோ பட்டாளமோ நிறுத்திக் கேட்டால் என்ன பதில் சொல்வது? அதைத்தான் அந்த மனிதர் என்னிடம் கொடுத்துவிட்டு மிங்கலா தாங்ஞுன்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தார்.

என் அற்பத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த அட்டை அசல்தானா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அசல்தான். போட்டோவில் இளவயதில் இருந்தார், காது மட்டும் அதே காது. அதன் பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்காக துஆ கேட்டது போக, அந்த மனிதரை வழியில் யாரும் நிறுத்திவிடக் கூடாது என்றும் கேட்டேன். மணி பதினொன்றுக்குத் திடீரென்று தெரு முழுக்க ஒரே ஆரவாரம். ஒரு நொடி, நிக்காஹ் நல்லபடி முடிந்த சேதிதான் எப்படியோ இங்கே வந்துவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டேன். இல்லை, "மீ லா பீ!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கருகமணி பத்து இருபத்தேழுக்கு ராத்தாவின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். நிக்காஹ் நேரத்துக்கு முடிந்ததாம். டவர் வந்ததும் எல்லாரும் எனக்குப் போன் போட்டு, அது இவள் பையிலேயே அடித்ததாம். சொல்லிக்கொண்டே சாவியைப் பூட்டில் விட்டாள். சாவி உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள்.

"என்னங்க பூட்டுக்குள்ள?"

"திருப்புளி நுனி."

அவள் சாவியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் செய்யாம சும்மா உக்காந்திருந்தா இந்நேரம் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். பிரியாணி கீழே காரில் இருந்தது. இன்னொரு தடவை ஆறு மாடி ஏற முடியாது என்று அவள் இறங்கிப் போய்விட்டாள். என் தம்பியின் கல்யாணச் சாப்பாட்டை நான் கயிற்றில்தான் இழுத்துச் சாப்பிட்டேன். பூட்டை அறுக்க ஆள் வந்து சேர மணி இரண்டாகிவிட்டது.

அதற்கு முன்னால் சைக்கா வண்டிக்காரர் தன் அட்டையை வாங்கிக்கொள்ள மேலே ஏறி வந்தார். கூலியை ராத்தாவே கொடுத்து, உட்கார வைத்துச் சாப்பாடும் போட்டு அனுப்பியிருந்தார். ஆறு மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு இரைத்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கம்பி இடுக்கில் சாய்த்து வெளியே நீட்டினேன். அவர் குடித்து முடித்ததும், இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி, பெரியவர்களுக்குக் கொடுப்பது போல அட்டையை நீட்டினேன். நன்றி சொல்ல வாயெடுத்தால் வேறு வார்த்தை வந்தது.

"அகோ, அண்ணே, அது மூக்குக்கண்ணாடி இல்ல" என்றேன்.

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "தெரியும் சயா. கீழ நின்னு உங்க கயித்தப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், அந்த நடுக்கம் நடுங்குச்சு. மூக்குக்கண்ணாடிக்கு யாரும் அப்படி நடுங்க மாட்டாங்க. உள்ள தங்கம்னு தெரிஞ்சதாலதான் கார்டை அனுப்புனேன்."

"வழியில கார்டு கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"கேக்கலையே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவரை நம்பாமல்தான் நான் பொய் சொன்னேன் என்பது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கோபப்படாமல், மேலே நிற்கிறவனுக்குப் பயம் அடங்கட்டும் என்று, தான் பயமில்லாமல் நடமாட இருந்த ஒரே பொருளைக் கழற்றிக் கயிற்றில் மாட்டினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம் முதலிலும் நன்றி அதன் பிறகும்தான் வருகிறது.